பட்டாணி அளவு

"சாகறதுக்கு முன்னாடி புதினா வாசனை வருது சார்" என்று சின்னவள் சொன்னாள்.

அந்தக் கூடத்தில் இருந்த யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. துப்பறிவாளர் மட்டும் போட்டுக்கொண்டார். வாயைத் திறக்காத மனிதருக்குக் காதாவது திறந்திருக்க வேண்டும் அல்லவா? 'உம்' என்பதற்கு மேல் பேசமாட்டார் என்பதால் தொழில் வட்டாரத்தில் அவருக்கு 'உம் சார்' என்றே பெயர். அவர் பேசாமல் மிச்சம் வைத்ததையெல்லாம் சேர்த்துப் பேசித் தீர்ப்பதற்கு உதவியாளாக ஒரு பெண் இருந்தாள். அவளுக்கு வாலு என்று பெயர் வைத்தது யாரென்று தெரியாது. வைத்தவருக்குக் கண் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

"யாரு சாகறதுக்கு முன்னாடி?" என்றாள் வாலு.

"என் கம்ப்யூட்டர்."

"அதானே. மனுஷங்க செத்தா எங்களை ஏன் கூப்பிடப் போறீங்க."

செத்துக்கொண்டிருந்தது ஒரு மேசைக் கம்ப்யூட்டர். சாகப்போவது ஒரு கல்யாணம். இரண்டுக்கும் உள்ள உறவு இவ்வளவுதான்: சின்னவள் கட்டுமானப் பொறியியல் கடைசி வருடம். பாலம் எவ்வளவு பாரம் தாங்கும் என்று பகலில் கணக்குப் போடுவதற்கும், மாலையில் அரக்கர்களைச் சுட்டுத் தள்ளுவதற்கும் சேர்த்து அவளுக்கு முதன்முதலாக ஒரு கம்ப்யூட்டர் வேண்டியிருந்தது. பாகம் பாகமாகத் தேர்ந்தெடுத்துப் பூட்டிக் கொடுத்தவர் அவளுடைய அக்காவுக்கு நிச்சயம் செய்திருந்த மாப்பிள்ளை. கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவர். முதல் சில நாள் அது பிரமாதமாக ஓடியது. பிறகு, பாலம் கட்டினாலும் அணைந்தது, அரக்கனைச் சுட்டாலும் அணைந்தது.

"பழைய ப்ராசசரை உள்ள வச்சுட்டு, புதுசை அவன் அமுக்கிட்டான்" என்றார் சித்தப்பா. அப்பாவின் தம்பி. வீட்டு மனை வாங்கி விற்பவர். ஆகவே ஏமாற்று வேலை எப்படி நடக்கும் என்பதில் தம்மைவிடத் தேர்ந்தவர் இல்லை என்று நம்பியிருந்தார். "ஒரே அத்தாட்சி போதும். லைட்டு இல்ல."

"லைட்டா?"

"என் சினேகிதர் வீட்டுல வாங்கியிருக்காங்க. கண்ணாடிப் பெட்டி. உள்ள பூரா லைட்டு. பச்சை, ஊதா, எல்லாம் மாறி மாறி வரும். அது கம்ப்யூட்டர். இது என்ன? கருப்புத் தகரம். இரும்புக் கடைக்குப் போட எடுத்து வச்ச மாதிரி இருக்கு."

உம் சார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு மனிதன் தன் அறியாமையை இவ்வளவு வெளிச்சம் போட்டுக் காட்டும்போது அவனுக்கு வேறு லைட்டு எதற்கு என்று நினைத்தார். சொல்லவில்லை.

அப்பா நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். மடியில் கைபேசி. மனைவி போன பிறகு இரண்டு பெண்களையும் தனியாக வளர்த்தவர். அந்தக் கவலையே நாளடைவில் அவருக்கு ஓர் அதிகாரமாகக் கெட்டிப்பட்டிருந்தது. "பொழுது சாயற வரைக்கும் பொறுப்பேன். அதுக்குள்ள அவன் யோக்கியன்னு நீங்க காட்டணும். இல்லேன்னா அவங்க வீட்டுக்குப் போன் போட்டு, சம்பந்தம் வேண்டாம்னு சொல்லிடுவேன். சின்னவ கிட்டயே கைவரிசை காட்டறவன் நாளைக்குப் பெரியவளை என்ன பண்ணுவான்?"

"அவரைக் கூப்பிட்டுக் கேட்டீங்களா?" என்றாள் வாலு.

"கேட்டேன். நான் ஏமாத்தலைன்னு ஒரே வார்த்தை. அப்புறம் வாயே திறக்கல. தப்புப் பண்ணாதவன் கத்த மாட்டானா? அதுக்கப்புறம் அவன் கை அந்தப் பெட்டி மேல படக்கூடாதுன்னுட்டேன்."

துப்பறிவாளரைக் கூப்பிட்டது பெரியவள்தான். சுவரோரமாக நின்றிருந்தாள். கையில் கைக்குட்டை இல்லை; ஆனால் இல்லாத கைக்குட்டையை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"திரையில சரியான பேர்தான் காட்டுது சித்தப்பா" என்றாள் சின்னவள்.

"திரையில என்ன வேணா எழுதிக் காட்டலாம்டி. அது ஒரு வித்தையா?"

"திரையை விடுங்க" என்றாள் பெரியவள், சட்டென்று. "ப்ராசசர் தகட்டு மேலயே பொடி எழுத்துல அதே பேர்தான் செதுக்கியிருக்கு. அவர் ஏமாத்தல. சார், அதை மட்டும் நிரூபிச்சுக் கொடுங்க."

உம் சாருக்குச் செருப்புக்குள் மணல் புகுந்ததுபோல் ஏதோ உறுத்தியது. என்ன என்று குனிந்து பார்ப்பதற்குள் சித்தப்பா மறுபடி லைட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

சின்னவளின் அறையில் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு இயக்கச் சொன்னார். வாலு தலையை நுழைத்துப் பார்த்தாள். அவளுக்கு எல்லாவற்றிலும் அரைகுறை அறிவு உண்டு. அரையை அவளே வைத்துக்கொண்டு குறையை அவரிடம் கொடுப்பாள்.

"இது கிராபிக்ஸ் கார்டு சார். அரக்கனை அழகாக் காட்டறது இதுதான். இது ரேம், தாராளமா இருக்கு. கீழ இருக்கறது பவர் சப்ளை. கணக்குப் போடற மூளை, அதான் ப்ராசசர், இந்தப் பெரிய ஃபேனுக்கு அடியில. வெளியே தெரியாது."

சின்னவள் ஒரு பாலத்தைத் திரையில் வரவழைத்து அதன்மேல் லாரிகளை ஏற்றினாள். ஃபேன் சீறியது. உம் சார் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். முதலில் சூடான தகரத்தின் வாசனை. அதன் பின்னாலேயே, காலையில் குளியலறைக் கதவு திறக்கும்போது வருமே, அந்த வாசனை. சுத்தமான புதினா.

திரை கருத்தது. பாலமும் லாரிகளும் போயின.

"பார்த்தீங்களா" என்றார் சித்தப்பா வாசலிலிருந்து. தாம் செய்த காரியம்போல் ஒரு திருப்தி.

"உம்" என்றார் துப்பறிவாளர். பிறகு, ஆச்சரியமாக, ஒரு முழு வாக்கியம் சொன்னார். "குளியலறை எங்க இருக்கு?"

*

கண்ணாடிக்குக் கீழே இருந்த தட்டில் ஒரு குடும்பத்தின் பல் சரித்திரம் முழுக்க இருந்தது. கிராம்பு மணக்கும் பழுப்பு பேஸ்ட், அப்பாவுடையது. கரி கலந்த கருப்பு பேஸ்ட், சின்னவளுடையது. பச்சைக் கோடு போட்ட புதினா பேஸ்ட், பெரியவளுடையது.

"சித்தப்பாவோடது எங்க சார்?" என்றாள் வாலு.

உம் சார் சன்னல் விளிம்பைக் காட்டினார். மூடி போட்ட ஒரு கிண்ணம். திறந்து பார்த்த வாலு உடனே மூடினாள்.

"பொய்ப் பல்லு வைக்கற கிண்ணம். காலியா இருக்கு. மாட்டிட்டுத்தான் பேசிட்டிருக்கார். நான் அவரைத்தான் சந்தேகப்பட்டேன் சார். இவ்வளவு பேசறவர் கைவைக்காம இருப்பாரா?"

"பேசறவங்க கைவைக்க மாட்டாங்க" என்றார் உம் சார்.

அது தன்னைச் சொன்னதா என்று வாலு கொஞ்ச நேரம் யோசித்தாள்.

புதினா பேஸ்ட் யாருடையது என்பதில் அவர் பெரிதாக ஒன்றும் கண்டுவிடவில்லை. பொதுக் குளியலறை. எவர் கையும் எந்த பேஸ்டையும் எடுத்துவிடும். ஆனால் கம்ப்யூட்டரைத் திறந்து அதற்குப் பல் விளக்கிவிட யாருக்குத் தோன்றும்? அறிவில்லாதவனுக்குக்கூடத் தோன்றாது. யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

*

மாப்பிள்ளையின் கடை ஒரு மாடிப்படிக்குக் கீழே, ஒடுக்கமாக, ஆனால் ஒவ்வொரு திருகாணிக்கும் தனி டப்பா என்று சுத்தமாக இருந்தது. அவர் குட்டையான மனிதர். நிதானமான கைகள். சட்டைப் பையில் ஊசி மருந்துக் குழாய்போல் மெல்லிசாக ஏதோ ஒன்று, உறை கசங்கி, ஓரம் நைந்து கிடந்தது.

இவர்கள் போனபோது ஒரு வாடிக்கையாளர், இருப்பதிலேயே பெரிய நம்பர் போட்ட ப்ராசசர் வேண்டும் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன வேலைக்குங்க?" என்றார் மாப்பிள்ளை.

"வேலைக்கு இல்ல. பெருசா இருக்கணும்."

"சரிங்க. யோசிச்சுட்டு வாங்க."

அந்த ஆள் போனதும் வாலு கேட்டாள். "உங்க மச்சினிக்கு எப்படித் தேர்ந்தெடுத்தீங்க?"

"விளையாட்டுக்கு கிராபிக்ஸ் கார்டு நல்லா இருக்கணும். பாலக் கணக்குக்கு ப்ராசசரும் ரேமும் நல்லா இருக்கணும். அவளுக்கு ரெண்டும் வேணும். அப்ப வேற எங்கயாவது மிச்சம் பிடிக்கணும். கண்ணாடியிலயும் லைட்டுலயும் பிடிச்சேன்."

"பவர் சப்ளையில பிடிச்சிருக்கலாமே. உள்ள ஒரு மூலையில கிடக்கு, யாருக்குத் தெரியப் போகுது?"

"அது போறப்ப தனியாப் போகாது. பக்கத்துல இருக்கறதையும் கூட்டிட்டுப் போகும்."

உம் சார் தலையை அசைத்தார். திருடுபவன் முதலில் கைவைக்கும் இடம், யாரும் பார்க்காத இடம். அங்கே போய் நல்ல சரக்கைப் போட்டிருக்கிறான் இந்த ஆள். இவன் திருடன் என்றால் திருட்டுத் தொழிலுக்கே அவமானம்.

"பெட்டியில புதினா வாசனை வருது" என்றார்.

மாப்பிள்ளையின் நிதானமான கைகள் நின்றன. முகத்தில் முதலில் குழப்பம். பிறகு என்னவோ புரிந்த மாதிரி ஒரு வலி. ஒன்றும் சொல்லவில்லை. உம் சாரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு ஊமைக் கோட்டான்களுக்கு நடுவில் வாலு தவித்துப் போனாள்.

நல்ல வேளையாகக் கடையின் தொலைபேசி மணி அடித்தது. மாப்பிள்ளை எடுத்தார். "சொல்லுங்க... ஃபேனைக் கழட்டிட்டீங்களா? அப்ப பழசைத் துடைச்சுட்டு பேஸ்ட் வைங்க. பட்டாணி அளவு போதும். மேல ஃபேனை வச்சு முடுக்குங்க." வைத்துவிட்டார்.

"என்ன பேஸ்ட்?" என்றாள் வாலு.

"ப்ராசசர் சூட்டை ஃபேனுக்குக் கடத்தற பசை. சாம்பல் நிறத்துல இருக்கும். எங்க தொழில்ல பேஸ்ட்னாலே அதுதான்."

"உங்க தொழில்ல." வாலு நெற்றியில் அடித்துக்கொண்டாள். "மத்த ஜனங்களுக்கு பேஸ்ட்னா எது சார்? காலையில எழுந்ததும் எதைத் தேடுவாங்க?"

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். அவர் கை தன்னையறியாமல் சட்டைப் பைக்குப் போய், அங்கிருந்த நைந்த உறையைத் தொட்டுவிட்டுத் திரும்பியது.

"இதே மாதிரி இதுக்கு முன்னால யாராவது போன்ல கேட்டாங்களா?" என்றார் உம் சார்.

"தினம் கேக்கறாங்க."

"தெரிஞ்ச குரலா?"

"இல்ல." கேள்வி முடிவதற்குள் வந்த பதில். இவ்வளவு நேரமும் ஒவ்வொரு சொல்லையும் எடை போட்டவர், இந்தச் சொல்லை மட்டும் தூக்கி எறிந்தார்.

"கிளம்புங்க" என்றார் உம் சார். "உங்க மாமனார் வீட்டுக்கு."

*

"அவன் உள்ள வரக் கூடாது" என்றார் அப்பா.

"வரல. வாசப்படியில நிப்பார். வாலு கழட்டுவா. அவர் சொல்லுவார்" என்றார் உம் சார்.

பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. சின்னவளின் அறையில் எல்லோரும் நெருக்கியடித்து நின்றார்கள். மாப்பிள்ளை நிலைப்படிக்கு வெளியே நின்று, இந்தத் திருகாணி, அடுத்து எதிர்மூலை, மெதுவா, லேசாத் திருகி எடுங்க என்று சொல்லச் சொல்ல வாலு கழற்றினாள். ஃபேன் கையோடு வந்தது. அடியில் ப்ராசசரின் தகடு முழுக்க வெள்ளையாக, பொருக்குத் தட்டி, அங்கங்கே பச்சைக் கோடு. புதினா குப்பென்று அறையை நிறைத்தது.

"பல் விளக்கி முடிச்சுட்டு வாய் கொப்பளிக்க மறந்துடுச்சு" என்றாள் வாலு. "காயற வரைக்கும் சூட்டைக் கடத்தியிருக்கு. காய்ஞ்சதும் சூடு உள்ளயே தங்கிடுச்சு. எரிஞ்சு போகக் கூடாதுன்னு பாவம், தானே அணைஞ்சுக்குது."

துப்பறிவாளர் எதிர்பார்க்காதது அப்போது நடந்தது. சித்தப்பா கைதட்டினார்.

"நான் சொன்னேனா இல்லையா? நல்ல பசை வைக்காம, பல்பசையை வச்சு ஏமாத்தியிருக்கான். இவன் கடைக்காரனா? இவன் கையால சாப்பாட்டுல என்ன கலந்து போடுவானோ."

அப்பா கைபேசியை எடுத்து எண்ணைத் தேட ஆரம்பித்தார். மாப்பிள்ளையைக் காப்பாற்ற வந்த தடயம், திரும்பி அவர் கழுத்தையே பிடித்துக்கொண்டு நின்றது.

வாலு பதறிப்போய் உம் சாரைப் பார்த்தாள். அவர் மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'இதை நான் வைக்கவில்லை' என்று ஒரு வரி சொன்னால் போதும். சொல்லவில்லை அந்த ஆள். கண் ப்ராசசர் மேலும் இல்லை, கைபேசி மேலும் இல்லை. சுவரோரம் நின்ற பெரியவளின் மேல் இருந்தது. அதில் கோபம் இல்லை. ஒரு காத்திருப்பு இருந்தது, பேருந்து வராது என்று தெரிந்த பிறகும் நிறுத்தத்தில் நிற்பவனுடையது போல.

செருப்பிலிருந்த மணல் என்ன என்று உம் சாருக்கு அப்போது புரிந்தது. 'தகட்டு மேலயே பொடி எழுத்துல.' திரையில் பெயரைப் பார்க்க யாராலும் முடியும். அந்தத் தகட்டின் பொடி எழுத்தைப் பார்க்க, ஃபேனைக் கழற்ற வேண்டும். கழற்றி, சாம்பல் நிறப் பசையைத் துடைக்க வேண்டும். அப்போதுதான் எழுத்து தெரியும். பெரியவள் பார்த்திருக்கிறாள்.

சுலபமாகச் சொல்லிவிடலாம். விரலை நீட்டினால் முடிந்தது. ஆனால் விரலை நீட்டி ஒரு பெண்ணை அவள் வீட்டிலேயே நிற்க வைத்துப் பிடிப்பது துப்பறிதலா, இல்லை சித்தப்பா செய்யும் வேலையா? அவர் வாலுவின் கையில் ஒரு துணியைக் கொடுத்தார். "துடைச்சுட்டுப் படி."

வாலு பொருக்கைச் சுரண்டித் துடைத்தாள். வெளிறிய தகட்டில் பொடி எழுத்துகள் வந்தன. படித்தாள். மாப்பிள்ளை தருகிறேன் என்று சொன்ன அதே ப்ராசசர். எழுத்து மாறவில்லை.

"பொடி எழுத்து" என்றார் உம் சார். யாரையும் பார்க்கவில்லை. பிறகு தமக்குத் தெரிந்த ஒரே வித்தையைச் செய்தார். சும்மா இருந்தார்.

அறையும் சும்மா இருந்தது. அப்பா போட்ட போன் மாப்பிள்ளை வீட்டில் எங்கோ மணி அடிக்கத் தொடங்கியிருந்தது. அந்தச் சத்தம் மெல்லிசாக எல்லோருக்கும் கேட்டது.

"அப்பா, வைங்க" என்றாள் பெரியவள்.

"என்னம்மா?"

"போனை வைங்க. நான்தான்."

அப்பா வைத்தார்.

"பெட்டி வந்ததுலேர்ந்தே, லைட்டு இல்ல, ஏமாத்துன்னு சித்தப்பா தினமும் சொல்லிட்டே இருந்தார். எனக்கும் சந்தேகம் வந்துடுச்சு. இவ காலேஜ் போனப்ப கழட்டிப் பார்த்தேன். மேல ஏதோ சாம்பலா ஒட்டியிருந்துச்சு, அழுக்குன்னு துடைச்சேன். பேர் சரியா இருந்துச்சு." இல்லாத கைக்குட்டையை மறுபடி முறுக்கினாள். "மூடத் தெரியல. பெட்டியில ஒட்டியிருந்த கடை நம்பருக்குப் போட்டேன். வேற யாராவது எடுப்பாங்கன்னு நினைச்சேன். இவரே எடுத்தார். குரலை மாத்திப் பேசினேன். பேஸ்ட் வைங்கன்னார். என்ன பேஸ்ட்னு கேட்கறதுக்குள்ள பயம் வந்து வச்சுட்டேன்."

"அடிப்பாவி" என்றாள் சின்னவள். "என் பாலம் விழுந்தது உன்னாலயா?"

"எங்களை வேற வரச் சொல்லியிருக்கீங்க" என்றாள் வாலு.

"அவர் நல்லவர்னு வேற யாராவது சொல்லணும்னு நினைச்சேன். நான் சொன்னா, உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பாங்க. என்னன்னு சொல்வேன்? சந்தேகப்பட்டுத் திறந்து பார்த்தேன்னா?"

இவ்வளவும் கேட்டுவிட்டு அப்பா என்ன சொல்வார் என்று உம் சார் பார்த்தார். அப்பா தொண்டையைக் கனைத்தார். "எதுவா இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல" என்றார், தாம் எல்லோரிடமும் பத்து வார்த்தை கேட்டுவிட்டுச் செய்தவர்போல. கைபேசி மட்டும் அவர் சட்டைப் பைக்குள் போய்விட்டது.

மாப்பிள்ளை வாசற்படியிலேயே நின்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து அந்த மெல்லிய குழாயை எடுத்தார். கசங்கிய உறை. அதற்குள் சாம்பல் நிறப் பசை.

"நீ போன் பண்ண அன்னிக்கு எடுத்து வச்சது" என்றார். "மூக்கைப் பிடிச்சுட்டுப் பேசினா எனக்குத் தெரியாதா? பசை வாங்கக் கடைக்கு வருவேன்னு நினைச்சேன். வரல. மறுபடியும் கூப்பிடுவேன்னு பையிலயே வச்சுட்டிருந்தேன்."

"தெரிஞ்சும் ஏன் ஒண்ணும் சொல்லல?" என்றாள் பெரியவள்.

"சொன்னா, நீ என்னை நம்பலைங்கறதை நானே எல்லார்கிட்டயும் சொன்ன மாதிரி ஆயிடும்."

பெரியவள் தரையைப் பார்த்தாள். மாப்பிள்ளை அவள் அப்பாவைப் பார்த்தார். "உள்ள வரலாமா மாமா?"

அப்பா வழியை விட்டு நகர்ந்தார். அவருடைய அகராதியில் அது ஒரு நீண்ட மன்னிப்பு.

மாப்பிள்ளை உள்ளே வந்து தகட்டை இன்னொரு முறை சுத்தமாகத் துடைத்தார். ஃபேனின் அடியையும் துடைத்தார். பசைக் குழாயைப் பெரியவளிடம் நீட்டினார். "நீயே வை."

அவள் குனிந்து, தகட்டின் நடுவில் வைத்து அழுத்தினாள். சாம்பல் நிறத்தில் ஒரு சிறு உருண்டை வந்து உட்கார்ந்தது.

"போதும்" என்றார். "அடுத்த தடவை சந்தேகம் வந்தா என்னையே கூப்பிடு. கூப்பிட்டதுல தப்பில்ல. குரலை மட்டும் மாத்திக்காதே."

அவள் தலையசைத்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டாள், பிடித்துக்கொள்ளவில்லை.

ஃபேனைப் பூட்டினார்கள். சின்னவள் தன் பாலத்தை வரவழைத்து, பழிதீர்ப்பவள்போல் லாரிகளை ஏற்றினாள். ஏற்றிக்கொண்டே இருந்தாள். ஃபேன் சீராக ஓடியது. பாலம் நின்றது, பெட்டியும் நின்றது. வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. யாருக்கும் பேச ஒன்றும் இல்லை. உம் சாருக்கு அந்த வீட்டில் முதன்முதலாகச் சுகமாக இருந்தது.

சித்தப்பா பொய்ப் பல்லை நாக்கால் சரிசெய்துகொண்டார்.

"எல்லாம் சரி. ஒரு லைட்டாவது போட்டிருக்கலாம்" என்றார்.

வாலு எழுந்து போய்ச் சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டினாள்.

"போட்டாச்சு சித்தப்பா."